ஒரு டீஸ்பூன் சர்க்கரை

உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் எவ்வளவு சர்க்கரை இருக்கும்? வளர்ந்த ஒருவருக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். சாப்பிடாத நேரத்தில் நூறு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 90 மில்லிகிராம் குளுக்கோஸ். பெருக்கிப் பார்த்தால் நாலரை கிராம் வருகிறது. ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். பெங்களூர் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் ஒரு கிளாஸ் டீக்கே இதைவிடக் கூடுதலாகப் போடுகிறார்கள்.

இந்த ஒரு டீஸ்பூனை நம்பித்தான் மூளை இருக்கிறது. உடல் எடையில் இரண்டு சதவீதம்கூடத் தேறாத மூளை, உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ், அதாவது மணிக்கு ஐந்து கிராம். ரத்தத்தில் இருப்பதோ நாலரை. வரத்து நின்றால் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. தசைபோலக் கொழுப்பை எரித்துச் சமாளிக்க மூளையால் முடியாது. பட்டினி நாள்கணக்கில் நீண்டால் கீட்டோன்களைப் பயன்படுத்தப் பழகிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பத்து நிமிடத்தில் சர்க்கரை சரியும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்காது.

வரத்தை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். சுமார் 100 கிராம் கிளைகோஜனைச் சேர்த்து வைத்து, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. அது குறைந்தால் புரதத்தின் துண்டுகளிலிருந்து புதிதாகவே குளுக்கோஸ் செய்கிறது. தசைகளில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு கிளைகோஜன் உண்டு. ஆனால் அதை ரத்தத்துக்குத் திருப்பிவிடும் நொதி தசையில் இல்லை. தன் கையிருப்பைத் தானே தின்று தீர்க்குமே தவிர, மூளைக்கு ஒரு துளி தராது.

கல்லீரலுக்கு ஆணையிடும் ஏற்பாடு அடுக்கடுக்கானது. ஆரோக்கியமான உடம்பில் சர்க்கரை 80-க்குப் பக்கமாக இறங்கியதுமே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 70-ஐ நெருங்கினால் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோன் கிளம்பிக் கல்லீரலைத் திறக்கும். கூடவே அட்ரினலின். 55-க்கு அருகில் வந்தால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கொலைப்பசி எடுக்கும். 50-க்குக் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்கும்: கணக்கு வராது, பேச்சு குழறும், கண்ணில் இரண்டிரண்டாகத் தெரியும், காரணமில்லாமல் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதற்கும் கீழே வலிப்பு, மயக்கம். மருத்துவர்கள் 70-க்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கை என்கிறார்கள். 54-க்குக் கீழே ஆபத்து என்கிறார்கள். எண் எதுவானாலும் அடுத்தவர் கைகொடுத்தால்தான் மீள முடியும் என்ற நிலையைக் கடுமையான தாழ்சர்க்கரை என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள்.

நோயில்லாதவருக்கு இந்த அடுக்குகள் ஏறக்குறைய தவறுவதே இல்லை. காலையில் டிபன் சாப்பிடாமல் கல்லூரிக்கு ஓடிவிட்டுப் பதினோரு மணிக்குத் தலை சுற்றினால் “லோ ஷுகர்” என்று சொல்லிக்கொள்கிறோம். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் எண் சரியாகவே இருக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1938-ல் வகுத்த மூன்று நிபந்தனைகளே இன்றும் அளவுகோல்: அறிகுறி இருக்கவேண்டும், அந்த நேரத்தில் சோதித்தால் சர்க்கரை குறைந்திருக்கவேண்டும், சர்க்கரை கொடுத்ததும் அறிகுறி விலகவேண்டும். மூன்றும் பொருந்தினால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பொருந்தாவிட்டால் இரண்டு இட்லி போதும்.

இந்த அத்தியாயம் நோயில்லாதவர்களைப் பற்றியது அல்ல. அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோன இளைஞர்களைப் பற்றியது. டைப் 1 நீரிழிவில் உடலின் எதிர்ப்பு மண்டலமே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. அதிக இனிப்புத் தின்றதால் வருவதல்ல இது. பெற்றோர் வளர்த்த விதத்தாலும் அல்ல. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ பதின்பருவத்திலோ தலைகாட்டும். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இருபது வயதுக்குட்பட்ட டைப் 1 நோயாளிகள் இந்தியாவில் சுமார் 2,29,000 பேர். உலகிலேயே இதுதான் அதிகம்.

இவர்கள் உயிர்வாழ வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றவேண்டும். சிக்கல் அங்கேதான். கணையம் சுரக்கும் இன்சுலின் ஐந்தாறு நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். தேவையில்லை என்றால் உடனே நிறுத்தலாம். தோலுக்கடியில் போட்ட ஊசி வில்லைவிட்டுப் போன அம்பு. ரெகுலர் இன்சுலின் ஆறு முதல் எட்டு மணி நேரம் தன் வேலையைச் செய்தே தீரும். சாப்பாடு தாமதமானது அதற்குத் தெரியாது. இப்படி முதல் அடுக்கு போய்விட்டது. நோய் வந்து சில ஆண்டுகளில் குளுக்ககான் சுரக்கும் செல்களும், உயிரோடு இருந்தபடியே, சர்க்கரை இறங்குவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன. அது இரண்டாவது. மிஞ்சுவது அட்ரினலின் மட்டும்.

ஆகவே டைப் 1 உள்ள பையனுக்கோ பெண்ணுக்கோ சர்க்கரை இறங்கினால் “நீ ஒழுங்கா இல்ல” என்று வீட்டில் திட்டுவது நியாயமில்லை. எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இறங்கும். இது நோயின் அறிகுறிகூட அல்ல, மருந்தின் மறுபக்கம்.

மருந்து பிறந்த அன்றே இந்த மறுபக்கமும் தெரிந்துவிட்டது. 1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அது சரிவரப் பலிக்கவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, ஜனவரி 23 முதல் பையன் தேறினான். காலிப் தன் சாற்றின் வீரியத்தை முயல்களில்தான் சோதித்து வந்தார். அளவு கூடினால் முயல்கள் வலிப்பு கண்டு விழுந்தன. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தன. அதையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். பட்டினி போட்ட முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் எல்லையான 45 மில்லிகிராமுக்கு இறக்க எவ்வளவு தேவையோ, அதை வைத்து இன்சுலினின் அலகை நிர்ணயித்தார்கள். பிறகு அந்த வரையறை பலமுறை மாறிவிட்டது. ஆனாலும் சிரிஞ்சில் நாம் எண்ணும் யூனிட் முதலில் தாழ்சர்க்கரையைக் கொண்டே அளக்கப்பட்டது.

சிவாஜிநகருக்கு வருவோம். தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் இடம். பஸ் நிலையம், பௌரிங் ஆஸ்பத்திரி, ஆரோக்கிய மாதா பேராலயம், 1927-ல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட், அந்தப் பக்கம் கமர்ஷியல் தெரு. இங்கே நின்றுகொண்டே வேலை பார்க்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு கற்பனைப் பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது வயது, துணிக்கடையில் விற்பனைப் பெண். காலை ஏழரைக்கு 30/70 என்று சொல்லும் கலப்பு இன்சுலின் போட்டுக்கொண்டு, எட்டுக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறாள். அந்தக் கலவையின் பெரும்பகுதி நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்தை எட்டும். மதியம் ஒரு மணிச் சாப்பாட்டை எதிர்பார்த்து மருத்துவர் போட்ட கணக்கு அது. பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, கடையில் கூட்டம். “இந்த கஸ்டமரை முடிச்சுட்டுப் போம்மா” என்று முதலாளி சொல்கிறார். மாடிக்கும் கீழுக்கும் புடவைக் கட்டுகளோடு ஏறி இறங்குகிறாள். மணி இரண்டு. பில்லில் 560-ஐ 650 என்று எழுதுகிறாள். வாடிக்கையாளரிடம் எரிந்து விழுகிறாள். பக்கத்துக் கவுண்டர் அக்கா கேட்கிறாள்:

“ஏம்மா, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா, புழுக்கம்.”

உயிருக்கு ஆபத்து இன்சுலினிலிருந்து பாதி, இந்த “ஒண்ணுமில்லக்கா”விலிருந்து பாதி. “லோ ஆகுதுக்கா” என்று சொல்லியிருந்தால் கீழே டீக்கடையிலிருந்து சர்க்கரை வந்திருக்கும். சொல்லாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடையில் தெரிந்தால் வேலை போய்விடுமோ, தெருவில் தெரிந்தால் வரன் தட்டிப்போகுமோ என்ற பயம். மகளின் ஊசியை உறவினர் வரும்போது அலமாரிக்குள் ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. பையன்களுக்கு வேறு விதமான சங்கடம். இரவில் பஸ் நிலையத்தில் ஒரு பையன் தள்ளாடிக் குழறினால் பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: “குடிச்சிட்டு நிக்கிறான்.” மூளைக்குச் சர்க்கரை குறைந்தாலும், மது ஏறினாலும், வெளியே தெரியும் கோலம் ஒன்றே. பர்ஸில் ஒரு சீட்டு, அதில் நோயின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி வைத்துக்கொள்வது அசிங்கமில்லை. (உண்மையாகவே குடித்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. மதுவை முறிக்கும் வேலையில் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதை நிறுத்திவிடும். சர்க்கரை பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் இறங்கும்.)

சரி, இறங்கிவிட்டது, என்ன கொடுப்பது? விதி சுலபமானது: 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை, இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். ரத்தத்தில் குறைந்திருப்பது இரண்டு கிராம்தானே, பதினைந்து எதற்கு என்று கேட்கலாம். உள்ளே போகும் சர்க்கரை ரத்தத்தோடு நிற்பதில்லை. செல்களைச் சூழ்ந்த நீரிலெல்லாம் பரவும். ஊசியில் போன இன்சுலின் அதே நேரத்தில் அதைச் செல்லுக்குள் தள்ளிக்கொண்டும் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் கணக்கு. இருபது கிலோ குழந்தைக்கு ஆறு கிராம் போதும்.

பதினைந்து கிராம் என்றால் குவித்து எடுத்த மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. அல்லது அதே அளவு குளுக்கோஸ் பொடி. ஒரு சின்ன டம்ளர் பழச்சாறும் சரி, டயட் அல்லாத குளிர்பானமும் சரி. அவசரத்தில் ‘டயட்’ என்று எழுதிய பாட்டிலை எடுத்துவிட்டால் சல்லிக்காசு பயனில்லை. இளநீர் போதாது, அதில் சர்க்கரை கம்மி. பிஸ்கெட் மெதுவாகத்தான் செரிக்கும். சாக்லேட்டும் குலாப் ஜாமூனும் நாக்குக்கு இனித்தாலும் அவற்றின் கொழுப்பு வயிற்றில் தாமதம் செய்யும். நெய்யில் மிதக்கும் பண்டம் இந்த நேரத்துக்கு உதவாது. வெறும் சர்க்கரைதான் மருந்து. சர்க்கரை ஏறிய பிறகு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால், இரண்டு பிஸ்கெட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுக்கொள்ளலாம்.

நம் ஊரில் இதற்கு முட்டுக்கட்டை போடுவது இலவச ஆலோசனைதான். ஷுகர் நோயாளி கையில் சர்க்கரையைப் பார்த்தால் தட்டிவிடுகிற அத்தைகள், பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். “உனக்கு ஷுகர் இருக்கு, இனிப்பு தொடலாமா?” வயசான தாத்தாவுக்குச் சொன்ன அறிவுரையை, நடுங்கிக்கொண்டிருக்கும் பேத்திக்கும் சொல்கிறார்கள். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தெரியாத குழப்பத்தில், சோதிக்கக் கருவியும் இல்லையென்றால், சர்க்கரை கொடுத்துவிடுவதே சரி. ஏறியிருந்த சர்க்கரை மூன்று கரண்டியால் பெரிதாகக் கெட்டுவிடாது. இறங்கியிருந்தால் அந்த மூன்று கரண்டி உயிரைக் காப்பாற்றும்.

சோதிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரஸ்ஸல் மார்க்கெட் பழக்கடைப் பையன்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். பழம் உரித்த விரலில் கண்ணுக்குத் தெரியாத சாறு ஒட்டியிருக்கும். அதே விரலில் குத்தி எடுத்த துளியைக் குளுக்கோமீட்டர் படித்தால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே காட்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ல் ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த கைகளில் சோதித்தார்கள். ஆல்கஹால் பஞ்சால் துடைத்தும் எண் கூடுதலாகவே காட்டியது. தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியானது. உண்மையில் 60-ல் நிற்கும் பையனுக்கு மீட்டர் 180 என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? இன்னும் கொஞ்சம் இன்சுலின் போட்டுக்கொள்வான்.

ஊசியில் நடக்கும் பிசகு இதைவிடக் கொடியது. இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. பழைய குப்பிகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாக்களிலும் சில குப்பிகளிலும் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டரைக் குறிக்கும். அதே கோடுவரை 100 யூனிட் இன்சுலினை ஏற்றினால் உள்ளே போவது 20 அல்ல, 50. இரண்டரை மடங்கு. பேனா ஊசி தீர்ந்துபோய், கையில் கிடைத்த பழைய சிரிஞ்சால் அதே மருந்தை உறிஞ்சிப் போட்டுக்கொள்வது இப்படித்தான் முடிகிறது. மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் இருப்பார். குப்பியில் எழுதிய எண்ணையும் மூடியின் நிறத்தையும் வாங்குபவரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தித் தோல் கட்டிபோலத் தடித்திருந்தால் மருந்து சரியாக உறிஞ்சாது. அந்தத் தடிப்பைவிட்டு நல்ல தோலுக்கு மாறும் அன்று அதே அளவு திடீரென்று அதிகமாகிவிடும்.

ரம்ஜான் மாதத்தில் சிவாஜிநகரின் நேரமே மாறிவிடுகிறது. சஹர் உணவுக்குப் பிறகு பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லை. மாலையில் நோன்பு திறந்ததும் தெரு முழுக்கக் கபாப் புகை. இன்சுலின் போடும் இளைஞருக்கு இது சின்ன விஷயமல்ல. இந்தியா உட்பட 13 நாடுகளில் 2001-ல் நடந்த எபிடையர் ஆய்வு, டைப் 1 நோயாளிகளிடம் கடுமையான தாழ்சர்க்கரை நோன்பு மாதத்தில் 4.7 மடங்கு கூடியதைக் காட்டியது. நோயாளிக்கு மார்க்கம் விலக்கு அளித்திருக்கிறது. ஆனாலும் பதினேழு வயதுப் பையனுக்கு நண்பர்கள் எல்லோரும் நோன்பிருக்கையில் தான் மட்டும் சாப்பிடுவது அவமானமாகப்படும். அதைப் புரிந்துகொள்ளாமல் வெறுமனே “கூடாது” என்றால் மருத்துவரிடம் சொல்லாமலேயே நோன்பு பிடிப்பான். ரம்ஜானுக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் போய் மருந்தை மாற்றியமைக்க முடியுமா என்று கேட்பதே புத்திசாலித்தனம். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். 70-க்குக் கீழே இறங்கினால், நோன்பு திறக்கப் பத்து நிமிடமே இருந்தாலும், அங்கேயே முறித்துவிடவேண்டும். இது மருத்துவ வழிகாட்டிகள் ஒருமுகமாகச் சொல்வது.

செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கு மணிக்கணக்கில் கூட்டத்தில் நடப்பவர்களுக்கும், கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கும் வேறொரு கணக்கு. இயங்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை உள்ளிழுக்கும். ஆட்டம் முடிந்த பிறகும் காலியான கிளைகோஜனை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் சாயங்காலம் ஆடியவனுக்கு விடிகாலை மூன்று மணிக்கு இறங்கலாம். நனைந்த தலையணை, கெட்ட கனவு, காலைத் தலைவலி மூன்றும் சேர்ந்தால் இரவில் ஒருநாள் அலாரம் வைத்துச் சோதிப்பது நல்லது.

வெறும் வயிற்றோடு தூங்கும் குழந்தைக்கு நீரிழிவு இல்லாமலேயே சர்க்கரை சரிந்த ஒரு துயரக் கதையும் நம் நாட்டில் உண்டு. கோடை முடிவில் ரஸ்ஸல் மார்க்கெட்டில் லிச்சி வந்து குவியும். அந்தப் பழம் அதிகம் விளையும் பீகாரின் முசாஃபர்பூரில், ஆண்டுதோறும் அதே பருவத்தில் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு கண்டு இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய வைராலஜி நிபுணர் டி. ஜேக்கப் ஜான், முகுல் தாஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2014-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில், லிச்சியிலுள்ள ஒரு நச்சுப்பொருளைச் சந்தேகித்து எழுதினார். அதே ஆண்டு மே 26 முதல் ஜூலை 17 வரை அங்கே இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளை இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 122 பேர் இறந்தார்கள். சோதித்தவர்களில் பத்தில் ஆறு பேருக்குச் சர்க்கரை 70 அல்லது அதற்கும் கீழே. பகலில் தோப்பில் லிச்சி தின்று, இரவுச் சாப்பாடு இல்லாமல் தூங்கிய பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம் என்று 2017-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

காரணம் மேலே பார்த்ததுதான். லிச்சியிலுள்ள ஹைப்போகிளைசின், எம்.சி.பி.ஜி. என்ற இரண்டு பொருள்கள் கொழுப்பை எரிக்கும் பாதையை அடைக்கின்றன. அந்த ஆற்றல் இல்லாமல் கல்லீரலால் புதிதாகக் குளுக்கோஸ் செய்ய முடியாது. ஊட்டமுள்ள குழந்தைக்குக் கல்லீரலில் கிளைகோஜன் கையிருப்பு உண்டு, தாங்கிக்கொள்ளும். ஏழைக் குழந்தைக்கு அது நடுராத்திரியிலேயே தீர்ந்துவிடும். ராத்திரிச் சாப்பாடு போடுங்கள், மயங்கிய குழந்தைக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்பதே அரசு பரப்பிய தடுப்பு. அதன்பின் சில ஆண்டுகள் சாவு குறைந்தது. 2019-ல் மறுபடி நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பழத்தை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. சாப்பிட்டுத் தூங்கும் குழந்தையை லிச்சி கொல்வதில்லை.

டைப் 1 இளைஞர்களுக்கு இன்னொரு வலை காத்திருக்கிறது. அடிக்கடி சர்க்கரை இறங்கினால் மூளை அதற்குப் பழகிவிடும். அட்ரினலின் எச்சரிக்கை 55-க்குப் பதில் 45-ல்தான் அடிக்கும். அதற்குள் யோசிக்கும் திறனே போயிருக்கும். வியர்வை இல்லாமல், நடுக்கம் இல்லாமல், நேராக மயக்கம். அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் கிரையர் இந்த வட்டத்தை ஆராய்ந்து விளக்கினார். ஒவ்வொரு இறக்கமும் அடுத்த இறக்கத்துக்கு வழி விடுகிறது. நல்ல செய்தியும் அதே ஆய்விலிருந்தே வந்தது: இரண்டு மூன்று வாரம் ஒருமுறைகூட இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோருக்கு அந்த எச்சரிக்கை உணர்வு திரும்பிவிடும். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைத் தோலில் ஒட்டிக்கொண்டால் அலாரம் அடிக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய். விற்பனைப் பெண்ணின் சம்பளத்துக்கு அது எட்டாது. ஸ்ட்ரிப் வாங்கித் தினமும் நாலு தடவை சோதிப்பதே பல வீடுகளில் பெரும் செலவு.

பயந்து சர்க்கரையை ஏற்றியே வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாகப் பரீட்சை நேரத்தில். அதையும் குற்றம் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 முதல் 39 வயதுவரையான 1,441 பேரிடம் நடந்து 1993-ல் முடிந்த பெரிய ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் பிழைக்கும் என்று நிரூபித்தது. அதே ஆய்வில், கட்டுப்பாடு இறுகியவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு கூடியது. கண்ணா, மயக்கமா என்ற இந்தப் பேரத்தில்தான் ஒவ்வொரு நாளும் இவர்கள் ஊசி அளவை முடிவு செய்கிறார்கள். குடும்பத்தில் மற்றவர்கள் இதை அறிந்தால் குறைசொல்வது கொஞ்சம் குறையும்.

பள்ளிகள் மெல்ல மெல்ல விழிக்கின்றன. சி.பி.எஸ்.இ. 2017-ல் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோக டைப் 1 மாணவர்களை அனுமதித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதி, வகுப்பிலேயே சோதிக்கவும் ஊசி போடவும் இடையில் சாப்பிடவும் விடவேண்டும் என்றது. கேரள அரசு ‘மிட்டாயி’ என்ற திட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் சோதனைக் கருவியும் இலவசமாகக் கொடுக்கிறது. கர்நாடகமும் தமிழ்நாடும் அதற்கு ஈடான ஒன்றைச் செய்யவேண்டும். ஆனால் பள்ளியைவிட்டு வெளியே வந்த பத்தொன்பது வயதுக்காரருக்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. அவருடைய தேர்வு அறை துணிக்கடை, ஒர்க்‌ஷாப், டெலிவரி பைக். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாத முதலாளியும், விஷயம் தெரிந்த ஒரு சக ஊழியரும் இருந்தாலே பாதி ஆபத்து கழிந்துவிடும்.

அந்தச் சக ஊழியர் நீங்களாக இருக்கலாம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரராகவும் இருக்கலாம். இளவயசுக்காரர் ஒருவர் வியர்த்து, குழறி, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் முதலில் “ஷுகர் இருக்காம்மா?”, “தம்பி, இன்சுலின் போடுறியா?” என்று கேளுங்கள். விழுங்க முடிகிறதென்றால் மூன்று கரண்டி சர்க்கரையை உடனே கொடுங்கள். “வேண்டாம்” என்று அவர் அடம்பிடித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பேசுவது இறங்கிப்போன சர்க்கரை. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். வீட்டார் குளுக்ககான் ஊசி வைத்திருந்தால் தசையில் போடலாம். எந்தக் காரணம் கொண்டும் இன்சுலின் போடக்கூடாது. தெளிந்த பிறகும் அவரை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பதினைந்து நிமிடம் கூடவே நின்று, மறுபடி சோதித்து, எண் 70-ஐத் தாண்டிய பிறகே தனியாக பஸ் ஏற விடுங்கள்.